கடலைன்னா எந்தக் கடலை? ஒவ்வாமை உள்ளவர்கள் ஓட்டலில் சாப்பிடுவது பற்றி

திருத்தணியிலிருந்து நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதி போகிற சாலையில் ஒரு டிபன் கடை. என் தங்கை மகனுக்கு அப்போது ஆறு வயது. அவனுக்கு வேர்க்கடலை ஆகாது. இட்லி வந்தது, சட்னி வந்தது. தங்கை தனக்குத் தெரிந்த தெலுங்கில் கேட்டாள்: “சட்னீலோ செனகலு உன்னாயா?” பரிமாறியவர் கையிலிருந்த வாளியை ஒரு தரம் பார்த்துவிட்டு “லேதம்மா” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. செனகலு என்றால் கொண்டைக்கடலை. அந்தச் சட்னியில் கொண்டைக்கடலை இல்லைதான். இருந்தது வேருசெனக, அதாவது நம் வேர்க்கடலை. இரண்டாவது விள்ளலிலேயே பையன் என் சட்டையை இழுத்து, “மாமா, நாக்கு குறுகுறுங்குது” என்றான்.

அப்புறம் நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். அன்றைக்குப் பிறகு இந்த விஷயத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒன்று கவனித்திருக்கிறேன். ‘அலர்ஜி’ என்ற சொல் எல்லோர் வாயிலும் இருக்கிறது. ஆனால் ஒவ்வொருவரும் வேறொன்றைச் சொல்கிறார்கள்.

‘ஒத்துக்காது’ என்பதற்குள் இருப்பவை

“கத்திரிக்காய் எனக்கு அலர்ஜி” என்பார் ஒருவர். சாப்பிட்டால் லேசாக அரிக்கும், அவ்வளவுதான். “பால் அலர்ஜி” என்பார் இன்னொருவர். கேட்டால், பால் குடித்தால் வயிறு உப்பி இரண்டு தடவை வெளியே போகும் என்பார். மூன்றாமவர் போன வாரம் கல்யாண வீட்டில் சாப்பிட்ட பிரியாணி அலர்ஜி ஆகிவிட்டது என்பார். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் கரப்பான் பண்டம், சூடு, பித்தம் என்று தனியாக ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள்.

பிரியாணிக்காரருக்கு வந்தது பெரும்பாலும் கெட்டுப்போன உணவின் கோளாறு. அதே பந்தியில் சாப்பிட்ட இன்னும் பத்துப் பேருக்கும் வந்திருக்கும். பால்காரருக்கு இருப்பது செரிமானக் குறை. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைப் பிரிக்கும் நொதி அவர் குடலில் போதுமான அளவு சுரப்பதில்லை. அவஸ்தைதான், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. அரை டம்ளர் குடித்தால் தாங்கும், இரண்டு டம்ளர் குடித்தால் தாங்காது என்று ஒரு கணக்கு இருக்கும்.

ஒவ்வாமை வேறு. அதில் வயிறு குற்றவாளி இல்லை. உடம்பின் பாதுகாப்புப் படையே ஒரு சாதாரண உணவை எதிரி என்று நினைத்துப் பாய்வதுதான் ஒவ்வாமை. இங்கே அரை டம்ளர் கணக்கெல்லாம் எடுபடாது.

செக்போஸ்ட்டில் ஒரு தவறான நம்பர்

எல்லையோரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். ஒரு செக்போஸ்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஆயிரம் லாரி போகிறது. ஒருநாள் வேர்க்கடலை ஏற்றிய லாரி ஒன்று போகிறது. அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் யாரோ ஒரு காவலர் அதைக் கடத்தல் லாரி என்று தப்பாக நினைத்து, நம்பரை எழுதி எல்லாக் காவலர் கையிலும் கொடுத்துவிடுகிறார். அன்றைக்கு எதுவும் நடப்பதில்லை. லாரி போய்விட்டது. அடுத்த முறை அதே நம்பர் கண்ணில் பட்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் விசில் ஊதி, தடுப்பை இறக்கி, சாலையையே மறித்துவிடுகிறார்கள். லாரியால் வந்த சேதம் ஒன்றுமில்லை. மறித்ததால் வந்த சேதம்தான் எல்லாம்.

அந்த நம்பர் சீட்டுதான் ஐஜிஇ. ஒரு குறிப்பிட்ட புரதத்தை அடையாளம் காண உடம்பு செய்துகொள்ளும் எதிர்ப்பொருள் அது. 1960களில்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். ஜப்பானில் பிறந்த இஷிசாகா தம்பதி அதில் முக்கியமானவர்கள். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தோலிலும் மூச்சுக்குழாயிலும் குடலிலும் நிற்கிற காவலர்கள் மாஸ்ட் செல்கள். அவர்கள் ஊதும் விசில் ஹிஸ்டமின் முதலான ரசாயனங்கள். அவை வெளிப்பட்டால் தோல் தடிக்கும், அரிக்கும், உதடு வீங்கும், வாந்தி வரும், மூச்சுக்குழாய் சுருங்கும், ரத்தக் குழாய்கள் தளர்ந்து ரத்த அழுத்தம் இறங்கும்.

இதெல்லாம் உடம்பு முழுக்க வேகமாகப் பரவி உயிருக்கு ஆபத்தாகும் நிலைக்கு அனாஃபிலாக்ஸிஸ் என்று பெயர். 1902இல் பிரெஞ்சு விஞ்ஞானி ஷார்ல் ரிஷேயும் பால் போர்ட்டியேயும் வைத்த பெயர். கடல் உயிரியின் நஞ்சைக் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கினால் நாய்களுக்கு எதிர்ப்புச் சக்தி வரும் என்று எதிர்பார்த்தார்கள். இரண்டாம் தடவை மிகக் குறைந்த அளவிலேயே நாய் செத்துப்போனது. நேர் எதிராக நடந்த அந்த ஆய்வுக்காக 1913இல் ரிஷேவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

“இத்தனை நாள் சாப்பிட்டானே, ஒண்ணும் ஆகலையே” என்பதற்கும், “போன தடவை லேசாகத்தானே தடிச்சுது” என்பதற்கும் பதில் இந்தச் செக்போஸ்ட்டிலேயே இருக்கிறது. நம்பர் எப்போது எழுதப்பட்டது என்று வெளியே தெரியாது. போன முறை எத்தனை பேர் விசில் ஊதினார்கள் என்பதை வைத்து இந்த முறை எத்தனை பேர் ஊதுவார்கள் என்று சொல்லவும் முடியாது.

சுருக்கமாக: ஒவ்வாமை என்பது ஒரு குறிப்பிட்ட புரதத்தைப் பார்த்து உடம்பின் காவல் படை செய்யும் தப்பான தாக்குதல். அளவு கொஞ்சம் என்பதால் ஆபத்து கொஞ்சம் என்று ஆகாது. யாருக்கு எது என்பதை ஒவ்வாமை மருத்துவர்தான் உறுதி செய்ய வேண்டும். ரத்தம் எடுத்து நூறு உணவுக்கு ஒரே சீட்டில் பட்டியல் போட்டுத் தரும் ஐஜிஜி பரிசோதனைகள் (இது ஐஜிஇ இல்லை, வேறொரு எதிர்ப்பொருள்) இதற்கு உதவாது. அதைப் பார்த்துப் பாதிச் சாப்பாட்டை நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும்.

பொறுக்கிப் போட்டால் போகாது

எலுமிச்சை சாதத்தில் கிடக்கும் வேர்க்கடலையைப் பொறுக்கி ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிடலாமே என்பார்கள். பிரச்சனை கடலையின் உருவம் இல்லை, அதிலுள்ள புரதம். அது எண்ணெயில் இறங்கி, சாதத்தில் ஒட்டியிருக்கும். தீவிரமான ஒவ்வாமை உள்ள சிலருக்கு ஒரு வேர்க்கடலையில் நூறில் ஒரு பங்குகூடப் போதும்.

நெருப்பில் வெந்தால் போய்விடும் என்பதும் வேர்க்கடலை விஷயத்தில் செல்லாது. அதன் முக்கியப் புரதங்கள் சூட்டைத் தாங்கும். வறுத்தால் வீரியம் கூடுவதும் உண்டு. இறால், நண்டும் அப்படித்தான். ஆனால் வாசனை வேறு. சாலையோரத்தில் மணலில் கடலை வறுக்கும் வாசம் மூக்கில் ஏறுவதால் மட்டும் பெரிய தாக்குதல் வருவதில்லை. புரதம் வாசத்தில் பறந்து வருவதில்லை. இறால், மீன் கொதிக்கும் ஆவி மட்டும் சிலருக்கு மூச்சிறைப்பைக் கிளப்பும்.

எண்ணெயில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆலையில் நன்றாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் அநேகமாக மிஞ்சுவதில்லை. பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாது. மரச்செக்கில் ஆட்டிய எண்ணெயில் புரதம் தங்கும். உடம்புக்கு நல்லது என்று ‘இங்கு செக்கு எண்ணெயில் சமைக்கப்படும்’ என்று போர்டு வைத்திருக்கிற கடைதான் வேர்க்கடலை ஆகாதவர் கொஞ்சம் யோசிக்க வேண்டிய கடை. அதே செக்கில் காலையில் கடலையும் மதியம் எள்ளும் ஆட்டியிருப்பார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கரண்டி விஷயம்

ஓட்டல் பிரச்சனையின் பாதி இங்கே இருக்கிறது. மெனுவில் பெயர் இல்லாத பொருள் தட்டுக்கு வருவது எப்படி?

சைவக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். “ஆம்லெட் போட்ட கல்லில் எனக்குத் தோசை வேண்டாம்” என்று சொல்கிறவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கறிக்குழம்பு அள்ளிய கரண்டி சாம்பாரில் விழுந்தால் அந்தச் சாம்பாரையே தொடமாட்டார்கள். குழம்பில் ஒரு துண்டு கறியும் இல்லையே என்று அவர்களிடம் யாரும் வாதாடுவதில்லை. ஒவ்வாமைக்காரர் கேட்பதும் அச்சு அசலாக அதே விதிதான். காரணம்தான் வேறு. கரண்டி, கல், எண்ணெய், கை வழியாக ஒரு உணவிலிருந்து இன்னொன்றுக்குப் புரதம் போவதைத் தொடுகலப்பு என்று வைத்துக்கொள்வோம்.

காலை ஒன்பது மணிக்கு ஒரு டிபன் கடையின் தோசைக்கல் பக்கம் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். மாஸ்டர் பொடி தோசை ஊற்றுகிறார். பொடியில் எள் இருக்கலாம். எல்லைக்கு அந்தப் பக்கம் என்றால் வேர்க்கடலையும் இருக்கலாம். தோசையை எடுத்ததும் கல்லில் தண்ணீர் தெளிக்கிறார், சிறு துடைப்பத்தால் ஒரு இழுப்பு இழுக்கிறார், அடுத்த சாதா தோசை மாவு விழுகிறது. பொடி போய்விட்டதா? கொஞ்சம் கல் ஓரத்தில், கொஞ்சம் துடைப்பத்தில். அந்தத் துடைப்பம்தான் நாள் முழுக்கக் கல்லைச் சுத்தம் செய்கிறது.

மிக்சி ஜாடியும் அப்படித்தான். கடலைச் சட்னி அரைத்து, தண்ணீர் விட்டு ஒரு சுழற்று சுழற்றி, அந்தத் தண்ணீரையும் சட்னியிலேயே ஊற்றிவிட்டு, அடுத்துத் தேங்காய் போடுகிறார்கள். வீணாக்காத நல்ல கைதான். ஆனால் அந்தத் தேங்காய்ச் சட்னி இப்போது தேங்காய்ச் சட்னி மட்டும் இல்லை. அப்புறம் நாலு கிண்ணம் சேர்ந்த அந்தச் சட்னித் தூக்கு. கரண்டிகள் இடம் மாறாமல் ஒரு பந்தி முடிந்து நான் பார்த்ததில்லை. வடை, பஜ்ஜி, முட்டை போண்டா எல்லாம் குளித்து எழும் எண்ணெய்ச் சட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருப்பவையும் உண்டு. குருமாவையும் பனீர் கிரேவியையும் கெட்டியாக்க முந்திரி விழுது; சில இடங்களில் அதற்குப் பதில் வேர்க்கடலை. குத்தி வங்காய என்கிற எண்ணெய்க் கத்திரிக்காயின் உள்ளே அடைப்பதே வேர்க்கடலை, எள் மசாலாதான். புளியோதரையிலும் கடலை. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை அல்லது மைதா மாவு கலந்திருப்பது வழக்கம். கோதுமை ஆகாதவர் சாம்பாரில் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

சுருக்கமாக: ‘இந்தப் பதார்த்தத்தில் அது இருக்கிறதா’ என்ற கேள்வி பாதிக் கேள்வி. ‘இது எதில் அரைத்தது, எதில் பொரித்தது, எதனால் அள்ளியது’ என்பது மீதிப் பாதி.

கடலை, பருப்பு, செனக

இப்போது என் தங்கை விழுந்த குழிக்கு வருவோம். தமிழிலேயே அந்தக் குழி இருக்கிறது. கடலை மிட்டாய் என்றால் வேர்க்கடலை. கடலை எண்ணெயும் வேர்க்கடலைதான். ஆனால் கடலை மாவும் கடலைப் பருப்பும் கொண்டைக்கடலை இனம். பொட்டுக்கடலையும் அதுவே. “சட்னியில கடலை இருக்கா?” என்று கேட்டால் மாஸ்டர் மனதில் பொட்டுக்கடலை ஓடும், உங்கள் மனதில் வேர்க்கடலை ஓடும். எங்கள் வட ஆற்காட்டுக் கிராமங்களில் மல்லாட்டை, மணிலாக்கொட்டை என்பார்கள். அந்தச் சொல்லுக்கு இந்தக் குழப்பம் இல்லை. வயதான மாஸ்டர் என்றால் நான் அதையே சொல்லிவிடுகிறேன்.

பருப்பு இன்னும் மோசம். முந்திரி, பாதாம் ஆகாத ஒருவர் “எனக்குப் பருப்பு அலர்ஜி” என்று சொன்னதைக் கேட்டிருக்கிறேன். பரிமாறியவர் பவ்யமாகச் சாம்பாரை எடுத்துக்கொண்டு போய், முந்திரி போட்ட பொங்கலை வைத்துவிட்டுப் போனார். சொல்லும்போது முழுப் பெயராகச் சொல்ல வேண்டும்: முந்திரி, பாதாம், பிஸ்தா என்று ஒவ்வொன்றாக. வேர்க்கடலை தாவரக் கணக்கில் பயறு இனம் என்பதால் முந்திரியோடு ஒன்றாகக் கட்டிப் பேசவும் வேண்டாம். ஒன்று ஆகாதவருக்கு மற்றதும் ஆகாது என்று கட்டாயமில்லை. இரண்டும் ஆகாதவர்களும் உண்டு. அது பரிசோதனையில் தெரிய வேண்டியது.

தெலுங்கிலும் இதே கதைதான். செனக பப்பு என்றால் கடலைப் பருப்பு. வேருசெனக என்றால் வேர்க்கடலை. அதையே பல்லீலு என்றும், சித்தூர்ப் பக்கம் செனக்காயலு என்றும் சொல்வார்கள். முந்திரி ஜீடிபப்பு. எள் நுவ்வுலு. இறால் ரொய்யலு. முட்டை குட்டு. கேரளப் பக்கம் போகிறவர்களுக்கு: அங்கே வெறும் கடல என்றால் புட்டுக்குத் தொட்டுக்கொள்கிற கொண்டைக்கடலை. வேர்க்கடலை வேண்டுமானால் நிலக்கடல, கப்பலண்டி. இறால் செம்மீன்.

திருப்பதி லட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அதிலிருக்கும் கடலை மாவு கொண்டைக்கடலை மாவு. முந்திரியும் நெய்யும் அதில் உண்டு. முந்திரியோ பாலோ ஆகாத குழந்தையின் கையில் “பிரசாதம், ஒண்ணும் செய்யாது” என்று யாராவது வைப்பார்கள். கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கி, அம்மா பையில் போட்டுவிடச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அதில் யாருக்கும் மனத்தாங்கல் வந்ததில்லை.

யாரிடம், எப்போது, எப்படி

பரிமாறுகிறவரிடம் கேட்பது போதாது. அவர் அரைத்தவர் இல்லை. மாஸ்டரைப் பார்க்க வேண்டும், அல்லது அவரிடம் கேட்டுவரச் சொல்ல வேண்டும். எட்டரை மணிக் கூட்டத்தில் எந்த மாஸ்டரும் நின்று பதில் சொல்லமாட்டார். கடை திறந்ததும் போனால் கல்லும் எண்ணெயும் புதிது, ஆளுக்கும் பொறுமை இருக்கும்.

கேட்கும்போது ‘இருக்கா, இல்லையா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்ற பதில் சுலபமாக வந்துவிடும். “இந்தச் சட்னியில என்னென்ன போட்டு அரைச்சீங்க அண்ணா?” என்று கேளுங்கள். அவரே வரிசையாகச் சொல்வார். அதில் ஒன்று உங்கள் வயிற்றில் புளியைக் கரைக்கும், அல்லது நிம்மதி தரும். ‘பிடிக்காது’, ‘ஒத்துக்காது’ என்ற சொற்களை விட்டுவிடுங்கள். பிடிக்காதவருக்குக் கொஞ்சமாகப் போட்டால் பரவாயில்லை என்பது சமையல்காரர்களின் இயல்பான கணக்கு. “துளி பட்டாலும் மூச்சு நின்னுடும், ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டுப் போகணும்” என்றால் புரிந்துவிடும். மிகைப்படுத்திச் சொல்வதாகக் கூச்சப்பட வேண்டாம், மிகை இல்லை.

அவர் தயங்கினால், ‘தெரியலை’ என்றால், அங்கே அந்தக் குழந்தைக்கு எதுவும் வாங்காதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன கடை மோசமான கடை இல்லை. சாப்பிடும் மேசையையும் கையையும் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும், அல்லது ஈரத் துடைப்பானால் துடைக்க வேண்டும். சானிடைசர் கிருமியைக் கொல்லும், வேர்க்கடலைப் புரதத்தை அகற்றாது.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்

அதிக தூரம் வராது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகள்படி பாக்கெட் உணவில் பசையம் (குளூட்டன்) உள்ள தானியங்கள், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலையும் கொட்டைப் பருப்புகளும், சோயா, சல்ஃபைட் ஆகியவை இருந்தால் அச்சிட வேண்டும். எள் அந்தப் பட்டியலில் இல்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உண்டு. பத்தோ அதற்கு மேலோ கிளை வைத்திருக்கிற பெரிய உணவகங்கள் ஒவ்வாமைத் தகவல் தர வேண்டும் என்றும் விதி இருக்கிறது. சாலையோர டிபன் கடைக்கு அது பொருந்தாது. அங்கே உங்கள் வாய்தான் லேபிள்.

நடந்துவிட்டால்

அன்று நாங்கள் செய்த தப்பைச் சொல்கிறேன். பையன் நாக்கைச் சொன்னதும் வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, பையில் வைத்திருந்த செட்ரிசின் சிரப்பைக் கொடுத்து, பெஞ்சில் உட்கார வைத்துக் காத்திருந்தோம். கழுத்தில் தடிப்பு வந்தது. சரி, மருந்து கேட்கும் என்று நினைத்தோம். பிறகு வாந்தி எடுத்தான். அப்புறம் வறட்டு இருமல், குரல் கம்மிப் போயிற்று. அப்போதுதான் காரை எடுத்தோம். கால் மணி நேரம் வீண்.

செட்ரிசின் மாதிரி மருந்துகள் அரிப்பையும் தடிப்பையும் அடக்கும். சுருங்கிய மூச்சுக்குழாயைத் திறக்காது, இறங்கும் ரத்த அழுத்தத்தை ஏற்றாது. அந்த இரண்டையும் செய்வது அட்ரினலின் ஊசி ஒன்றுதான். தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுவார்கள். தாமதமாகப் போடுவதுதான் ஆபத்து. அட்ரினலின் மலிவான மருந்துதான். வெளிநாட்டில் விற்கும் பேனா வடிவ ஊசி நம் கடைகளில் எளிதாகக் கிடைக்காது. எனவே முன்பே தாக்குதல் வந்தவர்கள், கையில் என்ன வைத்திருப்பது, எப்படிப் போடுவது என்று தங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கிப் பழகிக்கொள்ள வேண்டும்.

தோலில் தடிப்போடு வாந்தி, இருமல், மூச்சுத் திணறல், குரல் கம்முதல், தலைசுற்றல் இவற்றில் ஒன்று சேர்ந்தாலே காத்திருக்கக் கூடாது. மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்துவிட்டால் தோலில் ஒன்றும் இல்லாவிட்டாலும் அப்படியே. ஊசி இருந்தால் போட்டுவிட்டு 108ஐ அழையுங்கள். எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே எண். எந்த மாநிலம், எந்த ஊர் என்பதை முதலில் சொல்லுங்கள். ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் உட்காரலாம். எழுந்து நடக்க விடாதீர்கள், ரத்த அழுத்தம் சட்டென்று விழும். பையனைப் படிக்கட்டில் நடத்திக் கூட்டிப்போனது நாங்கள் செய்த இரண்டாவது தப்பு. ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட சில நிமிடத்தில் அவனுக்கு மூச்சு சீரானது. ஆனாலும் இரவு வரை விடவில்லை. அடங்கிய தாக்குதல் சில மணி நேரம் கழித்துத் திரும்ப வருவதுண்டு.

இப்போது அவனுக்குப் பதினொரு வயது. சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறை போட்ட சீட்டு ஒன்று இருக்கும். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் தெலுங்கு. வேர்க்கடலை என்றால் மூச்சு நின்றுவிடும், கல்லும் கரண்டியும் தனியாக வேண்டும் என்று எழுதியிருக்கிறது. போன மாதம் புத்தூர்ப் பக்கம் ஒரு கடையில் அதை மாஸ்டரிடம் அவனே கொண்டுபோய்க் கொடுத்தான். அவர் நிதானமாகப் படித்தார். கல்லாவிலிருந்து பேனா வாங்கி, வேருசெனக என்று நான் எழுதியிருந்ததற்குக் கீழே உறையின் மேலேயே செனக்காயலு என்று எழுதிச் சேர்த்தார். “இக்கட இதே அண்டாம் பாபு” என்றார், இங்கே இதைத்தான் சொல்வோம் என்று. பிறகு சட்னி எதையும் தராமல், புதிதாக இறக்கிய ஈடிலிருந்து நாலு இட்லியும் சர்க்கரையும் வைத்தார்.